ஏழாயிரம் பேர் வந்தும் பாடாமல் போனவர்: சவாதா கென்ஜி பற்றிப் பேசலாம் வாங்க

பழையகேசட்

போன சனிக்கிழமை தூக்கம் பிடிக்காமல் ஒரு ஜப்பானியப் படத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். 2022இல் வந்த படம். நாகானோ மலைப்பக்கம் தனியாக வாழும் வயதான எழுத்தாளர் ஒருவர். பனி பெய்கிறது, உருகுகிறது, மூங்கில் குருத்து முளைக்கிறது. அவர் கிடைத்ததைச் சமைக்கிறார். அவ்வப்போது வந்து போகும் பதிப்பாசிரியப் பெண் (மட்சு தகாகோ) அதை ரசித்துச் சாப்பிடுகிறார். கதை என்று பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதர் மண் அப்பிய சேப்பங்கிழங்கைக் கழுவுவதை நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். தோலை முழுக்கச் சீவித் தள்ளுவதில்லை. மேலாகச் சுரண்டிவிட்டு நெருப்பில் வாட்டுகிறார். எங்கள் ஆத்தா கிழங்கு தேய்க்கும்போது இருக்கும் அதே நிதானம்.

யார் இந்த நடிகர் என்று தேடினால் 1977ஆம் வருடப் படம் ஒன்று வந்து நின்றது. கண்ணுக்கு மை, சாய்த்து வைத்த தொப்பி, பெண்களே பொறாமைப்படும் முகம். இரண்டும் ஒரே ஆள் என்று நம்பவே நேரம் பிடித்தது.

பெயர் சவாதா கென்ஜி. ஊரே கூப்பிடுவது ஜூலி என்று. நடிகை ஜூலி ஆண்ட்ரூஸ் மேல் இருந்த பிரியத்தில் ஒட்டிக்கொண்ட பெயராம். 1948 ஜூன் 25 பிறந்த நாள். கியோத்தோவில் வளர்ந்தவர். 1967இல் தி டைகர்ஸ் என்ற குழுவின் பாடகராக வந்து, இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கிறார்.

தேடும்போது இன்னொரு சங்கதியும் கண்ணில் பட்டது. 2018 அக்டோபர் 17, டோக்கியோவுக்குப் பக்கத்தில் உள்ள சைதாமா சூப்பர் அரீனா என்ற பெரிய அரங்கம். ரசிகர்கள் வந்தபிறகு கச்சேரி ரத்து. முதலில் ஒப்பந்தச் சிக்கல் என்று சொன்னார்கள். மறுநாள் இவரே வீட்டுப் பக்கம் நிருபர்களிடம், ஒன்பதாயிரம் பேர் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாகவும் வந்தது ஏழாயிரம்தான் என்றும், அதனால் தான்தான் நிறுத்தியதாகவும் சொல்லிவிட்டார்.

இது திமிரா, மானமா? உங்கள் கருத்து என்ன?

கோபால்_87

இதில் பட்டிமன்றம் வைக்க என்ன இருக்கிறது? சுத்தத் திமிர். ஏழாயிரம் பேர் என்பது ஒரு சின்ன ஊர். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் ரயில் டிக்கெட்டையும் லீவையும் யார் கொடுப்பார்கள்? ஏழு பேர் வந்தாலும் பாடுகிறவர்தான் கலைஞர்.

சைதாமா_செல்வி

கோபால் சொல்வது புரிகிறது. ஆனால் அந்த மேடையில் என்ன இருந்திருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

அது அவருடைய 70ஆவது வயதுச் சுற்றுப்பயணம். பெரிய இசைக்குழு கிடையாது, நடனக் குழு கிடையாது. பல வருடம் கூடவே வாசிக்கும் கிடாரிஸ்ட் ஷிபாயாமா கசுஹிகோ ஒருவர், இவர் ஒருவர். ஒரு கிடார், ஒரு குரல், முன்னால் ஒரு மாபெரும் அரங்கம். அதில் காலியான பகுதிகளைக் கறுப்புத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஆள் நிறையாவிட்டால் பாட மாட்டேன் என்று ஏற்பாட்டாளர்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்ததாகத்தான் அவர் பேச்சு. கோபமெல்லாம் எண்ணிக்கையை மறைத்தவர்கள் மேல். மாட்டிக்கொண்டது ரசிகர்கள். அது தப்புத்தான், அவரும் பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஜனவரியில் டோக்கியோவின் புதோகான் அரங்க மேடையிலும் மறுபடி கேட்டார்.

நான் சைதாமாவில்தான் இருக்கிறேன், பதினோரு வருடமாக. எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டுப் பாட்டிக்கு வயது எழுபதுக்கு மேல். அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அப்புறம் வருகிறேன். பையனுக்கு இப்போது டியூஷன்.

திரைவெறி

பழையகேசட் அண்ணே, நீங்கள் வாலில் இருந்து ஆரம்பித்துவிட்டீர்கள். இவர் படங்களில் முதலில் பார்க்க வேண்டியது 1979இல் ஹசெகாவா கசுஹிகோ எடுத்தது. ஜப்பானியப் பெயரை நேராகச் சொன்னால் 'சூரியனைத் திருடியவன்'.

இவர் பள்ளிக்கூட அறிவியல் வாத்தியார். சூயிங்கம் மென்றுகொண்டே தூங்கி வழியும் ஆள். டோக்காய்முரா அணு நிலையத்துக்குள் புகுந்து புளுட்டோனியம் திருடி, அடுக்கக வீட்டில் பூனையை வைத்துக்கொண்டு தனியாளாக அணுகுண்டு செய்துவிடுகிறார். அரசாங்கத்தையே மிரட்டலாம். ஆனால் என்ன கேட்பது? அங்கேதான் படம் எங்கேயோ போகிறது. முதல் கோரிக்கை: ராத்திரி பேஸ்பால் ஆட்டத்தை டிவியில் பாதியில் வெட்டாமல் கடைசிவரை காட்ட வேண்டும். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியாமல் ரேடியோ நேயர்களிடம் விடுகிறார். வந்த யோசனை: ரோலிங் ஸ்டோன்ஸ் ஜப்பானில் கச்சேரி செய்ய வேண்டும். 1973இல் அவர்களுக்கு அனுமதி மறுத்திருந்தார்கள், அந்தக் கடுப்பு ஊரில் இருந்தது.

கையில் ஊரை அழிக்கும் குண்டு, மனதில் கேட்பதற்கு ஒன்றுமில்லை. இந்த வேடத்துக்கு நாட்டிலேயே அழகான ஆணைப் போட்டதுதான் ஹசெகாவாவின் சாமர்த்தியம். கடைசியில் அந்த அழகன் தலைமுடி கொத்தாகக் கையோடு வருகிறது. இயக்குநர் தாய் வயிற்றில் இருக்கும்போதே ஹிரோஷிமாவில் கதிர்வீச்சுக்கு ஆளானவர். அதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

அதற்குப் பிறகு ஹசெகாவா ஒரு படம்கூட இயக்கவில்லை. மொத்தமே இரண்டு படம். கினேமா ஜுன்போ பத்திரிகை 2018இல் எழுபதுகளின் சிறந்த ஜப்பானியப் படங்களை வரிசைப்படுத்தியபோது இதைத்தான் முதலிடத்தில் வைத்தது.

பழையகேசட்

அடேயப்பா. அப்போது அவர் ஏற்கனவே பெரிய பாடகர் இல்லையா? அந்த உச்சத்தில் தலைமுடி கொட்டும் வேடம் எப்படி ஒப்புக்கொண்டார்?

திரைவெறி

உச்சத்தின் உச்சம். ஆனால் இருண்ட வேடம் அவருக்குப் புதிதில்லை. 1968 டிசம்பரில் டோக்கியோ பக்கம் மூன்று கோடி... இல்லை, முப்பது கோடி யென் கொள்ளை ஒன்று நடந்தது. போலீஸ் வேடத்தில் வந்தவன் வண்டியோடு பணத்தைக் கொண்டுபோனான், இன்றுவரை பிடிபடவில்லை. 1975 டிசம்பரோடு வழக்கின் காலவரம்பு முடிகிறது. முடியப்போகும் அந்த வருடமே, அந்தக் கொள்ளைக்காரன் ஒரு கிளப் பாடகன், மூளையில் கட்டி வந்து செத்துக்கொண்டிருக்கிறான் என்று ஒரு டிவி தொடர் எடுத்தார்கள். பாடகன் இவர். திரைக்கதை அதே ஹசெகாவா. அதில் இவர் பாடிய 'தோக்கி நோ சுகியுக்கு மமா நி' 9 லட்சத்துக்கு மேல் விற்று, இவருடைய தனிப்பாட்டுகளிலேயே பெரிய வெற்றி ஆனது. வரிகள் அக்கு யூ, மெட்டு ஓனோ கட்சுவோ. ஒரே வரிகளைப் பல இசையமைப்பாளர்களிடம் கொடுத்து, வந்ததில் பிடித்ததை எடுத்தார்களாம்.

மாடிவீட்டு மாதவன்

பாட்டுப் பக்கம் நான் கொஞ்சம் சொல்கிறேன். இளையராஜா இழையில் என்னோடு சண்டை போட்டவர்கள் இங்கேயும் வரலாம், வரவேற்கிறேன்.

இவரிடம் குரல் மட்டும் விஷயமில்லை, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சேட்டை உண்டு. 1977இல் 'கட்தே நி ஷியாகாரே', அந்த வருட ஜப்பான் ரெக்கார்டு விருது வாங்கிய பாட்டு. வீட்டை விட்டுப் போகும் காதலியைத் தடுக்காமல் தூங்குவதுபோலப் படுத்துக்கிடக்கும் ஆண். 'போகிறாயா, போ' என்கிற வீம்பு. பாட்டின் நடுவே தொப்பியைக் கழற்றி விர்ரென்று வீசுவார். நாடு முழுக்கப் பையன்கள் அதைச் செய்து பார்த்தார்கள். 1979இல் இன்னொரு பாட்டில் சின்ன பாட்டிலை எடுத்து வாயில் ஊற்றி மேடையில் பூவாகத் துப்புவார். 1980 புத்தாண்டு அன்று வந்த 'டோக்கியோ' பாட்டுக்கு முதுகில் பாராசூட், உடம்பெல்லாம் மினுமினுக்கும் விளக்கு. எவ்வளவு கனம் இருக்கும் யோசியுங்கள். அதை விரித்துக்கொண்டு நின்று பாடுகிறார், மூச்சு வாங்கவில்லை.

எல்லாம் சரியாகவும் போகவில்லை. 1978இல் 'சாமுராய்' பாட்டுக்கு நாஜி ராணுவ உடுப்பு மாதிரி போட்டு, கையில் ஸ்வஸ்திகா பட்டையும் கட்டியிருந்தார். எதிர்ப்பு வந்தது, பட்டையில் இருந்ததைப் பெருக்கல் குறியாக மாற்றினார்கள். அலங்காரம் என்று நினைத்துச் செய்தது, பொறுப்பில்லாத வேலை. ரசிகன் என்பதற்காக நான் இதை மூடி மறைக்கப் போவதில்லை.

உடை வடிவமைத்தவர் ஹயகாவா தகேஜி. ஆண் முகத்துக்கு மை பூசி மேடையேறுவதை வீட்டு வரவேற்பறை டிவிக்குக் கொண்டுவந்ததில் இவர்கள் இருவருக்கும் பெரிய பங்கு. எண்பதுகளில் ஜப்பானில் முகப்பூச்சோடு வந்த அத்தனை ராக் குழுக்களுக்கும் இவர் சித்தப்பா முறை.

யாழினி

'யுமேஜி' படத்தை யாரும் சொல்லவில்லையே? 1991, சுசுகி செய்ஜுன் இயக்கம். ஓவியர் தகேஹிசா யுமேஜியாக இவர்தான். வோங் கார் வாயின் 'இன் தி மூட் ஃபார் லவ்' படத்தில் படிக்கட்டில் அந்த அம்மா நூடுல்ஸ் தூக்கோடு இறங்கும்போது ஒரு வயலின் இழையுமே, அது உமேபயாஷி ஷிகேரு முதலில் 'யுமேஜி'க்காகப் போட்ட இசை. நம்மில் பாதிப் பேர் இவரை அறியாமலே இவர் பட இசைக்கு உருகியிருக்கிறோம்.

பால் ஷ்ரேடரின் 'மிஷிமா'விலும் (1985) ஒரு பகுதியில் வருவார். ஜப்பானியத் திரையரங்குகளுக்கு அந்தப் படம் அப்போது வரவேயில்லை. திரைவெறி சொன்ன அணுகுண்டுப் படத்தின் கதையில் பங்கு வகித்த லெனார்ட் ஷ்ரேடர் இந்த பாலின் அண்ணன்.

கோபால்_87

எல்லாம் சரி. படம் பிரமாதம், தொப்பி பிரமாதம். என் கேள்விக்குப் பதில் வரவில்லை. எழுபதுகளில் அரங்கு நிறைந்தது, எழுபது வயதில் நிறையவில்லை. அதை ஏற்க முடியாத மனிதர் என்றுதான் எனக்குப் படுகிறது. பழைய பாட்டை வரிசையாகப் பாடினாலே கூட்டம் வந்துவிடும். இவர் அதையும் செய்வதில்லையாமே?

சைதாமா_செல்வி

வந்துவிட்டேன். கோபால், நீங்கள் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். என் கருத்தில் விவகாரமே அந்தப் பழைய பாட்டில்தான் இருக்கிறது.

1985இல் தன்னை வளர்த்த வதனாபே என்ற கலைஞர் மேலாண்மை நிறுவனத்தை விட்டு வெளியே வந்து சொந்தமாக அலுவலகம் தொடங்கினார். அதோடு டிவி வெளிச்சம் மெல்ல மெல்லக் குறைந்தது. அந்த நிலையில் பெரும்பாலான பாடகர்கள் 'அந்த நாள் ஞாபகம்' நிகழ்ச்சிகளில் போய் உட்கார்ந்து பழைய மூன்று பாட்டைப் பாடிச் சம்பாதிப்பார்கள். தப்பில்லை. இவர் போகவில்லை. வருடாவருடம் புதுப் பாட்டு, ஊர் ஊராகச் சுற்றுப்பயணம். சின்ன ஊர் நகர மண்டபங்கள்கூட விடுவதில்லை. மேடையில் பாதிக்கு மேல் புதுப் பாட்டாக இருக்கும் கச்சேரிகள் உண்டு. தொப்பியை எதிர்பார்த்து வந்தவர் முழிப்பார்.

புதுப் பாட்டு என்றால் சும்மா காதல் பாட்டும் இல்லை. 2008இல் 'வாகா கியூஜோ' என்று ஒன்று. காதில் கேட்டால் அரசியலமைப்பின் ஒன்பதாம் பிரிவு. போரே வேண்டாம் என்று ஜப்பான் எழுதி வைத்திருக்கிறதே, அது. எழுத்தில் பார்த்தால் 'என் அவல நிலை'. நம் ஊர்ச் சிலேடைக் கவிராயர்கள் கேட்டால் எழுந்து நின்று கை தட்டுவார்கள். மெட்டு அதே ஓனோ கட்சுவோ.

2011 சுனாமிக்குப் பிறகு பல வருடம், அது வந்த நாளான மார்ச் 11 அன்று நான்கைந்து பாட்டோடு ஒரு சின்ன சிடி. 2012 சிடியில் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைப் பற்றியே ஒரு பாட்டு. திரைவெறி, உங்களுக்கு இது பிடிக்கும்: 1979இல் புளுட்டோனியத்தைத் திருடிச் சமையலறையில் குண்டு செய்தவர், 33 வருடம் கழித்து அணு உலைக்கு எதிராகப் பாடுகிறார். அதைக் கேட்க அரங்கு நிறையாதுதான். நிறையும் என்று நினைத்து அவர் பாடவும் இல்லை.

திரைவெறி

செல்வி அக்கா, இது எனக்குத் தெரியாது. அந்தச் சிடியைத் தேடுகிறேன்.

கோபால்_87

அக்கா, அப்படியானால் இன்னும் குழப்பம். கூட்டத்துக்காகப் பாடாதவர், கூட்டம் குறைந்ததற்கு ஏன் கோபித்துக்கொண்டு போனார்?

பழையகேசட்

இது நல்ல கேள்வி.

மாடிவீட்டு மாதவன்

என் அனுமானம் சொல்கிறேன். புதுப் பாட்டும் பாடுவேன், பெரிய அரங்கையும் நிரப்புவேன் என்கிற இரண்டையும் சேர்த்துத்தான் அவர் பந்தயம் கட்டுகிறார். ஒன்றை விட்டுக்கொடுத்து மற்றதை வைத்துக்கொள்வது சுலபம். 2008இல் அறுபது வயதுக்கு ஒசாகா, டோக்கியோ இரண்டு ஊர் டோம்களிலும் (கூரை போட்ட பெரிய பேஸ்பால் மைதானங்கள்) பாடினார். 80 பாட்டு, ஆறு மணி நேரத்துக்கு மேல். அறுபது வயது ஆள்! அதைச் சாதித்த மனிதரிடம் பத்து வருடம் கழித்துப் போய், துணி போட்டு மூடியிருக்கிறோம் அனுசரித்துப் பாடுங்கள் என்றால் முறுக்கிக்கொள்ளத்தான் செய்வார். நியாயம் என்று சொல்லவில்லை. ஆள் அப்படி.

கூட்டம் திட்டினாலும் பயந்தவர் இல்லை. டைகர்ஸ் 1971 ஜனவரியில் கலைந்ததும், இன்னொரு குழுவின் பாடகர் ஹகிவாரா கெனிச்சியோடு சேர்ந்து 'பிக்' என்ற குழு தொடங்கினார். ராக் ரசிகர்கள் இவர்களை அழகுப் பொம்மைகள் என்று சொல்லி 'வீட்டுக்குப் போ' என்று கத்தினார்கள். நின்று பாடிவிட்டுத்தான் வந்தார்கள்.

யாழினி

டைகர்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. அந்த டிரம்மர் கதை தெரியுமா? ஹிதோமி மினோரு. குழு கலைந்த கையோடு இசையை விட்டுவிட்டு ஊருக்குப் போய், விட்ட படிப்பைத் தொடர்ந்து, கெய்யோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, கெய்யோ உயர்நிலைப் பள்ளியில் சீன மொழி வாத்தியார் ஆகிவிட்டார். பழைய நண்பர்கள் யாரோடும் தொடர்பு இல்லை, முப்பது வருடத்துக்கு மேல். 2008இல் சவாதாவும் பேஸ் கிடாரிஸ்ட் கிஷிபேவும் சேர்ந்து அவருக்காகவே ஒரு பாட்டு எழுதினார்கள். கடிதம் போட்டால் பதில் வராது என்று தெரிந்து பாட்டாகப் போட்டார்களோ என்னவோ. வாத்தியார் திரும்பி வந்தார். 2013 டிசம்பரில் ஆரம்பகால ஐந்து பேரும் சேர்ந்து மேடையேறினார்கள்.

அந்தக் கிஷிபே இத்தொகுதான் இன்று நாம் பார்க்கும் நடிகர். 1990இல் கான் விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கிய ஒகுரி கோஹெய் படத்தின் நாயகன். நீளமுடி என்று ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே டிவி ஒதுக்கிவைத்த குழுவில் இருந்து இரண்டு பெரிய நடிகர்கள்.

பழையகேசட்

நான் பார்த்த படத்துக்கு விருதும் கிடைத்திருக்கிறது போல. 2022க்கான சிறந்த நடிகர், கினேமா ஜுன்போ விருதும் மைனிச்சி திரைப்பட விருதும்.

திரைவெறி

ஆமாம். அதற்கு முந்தைய வருடம் இயக்குநர் யமதா யோஜியின் படத்தில் நடித்ததையும் பாருங்கள். அது நகைச்சுவை நடிகர் ஷிமுரா கென் செய்ய வேண்டிய வேடம். 2020 மார்ச்சில் கொரோனாவில் அவர் போய்விட்டார். இருவரும் பழைய கூட்டாளிகள். கண்ணாடிக்கு முன்னால் நிற்பதுபோல எதிரெதிரே நின்று ஒருவர் செய்வதை மற்றவர் அப்படியே செய்யும் பழைய டிவி நகைச்சுவை ஒன்று இருக்கிறது, தேடிப் பாருங்கள். நண்பர் விட்ட இடத்தில் இவர் வந்து நின்றார். படத்தில் ஷிமுரா பிரபலப்படுத்திய 'ஹிகாஷிமுராயாமா ஓந்தோ' பாட்டை இவர் பாடும் இடத்தில் எனக்கு மொழி தேவைப்படவில்லை.

சைதாமா_செல்வி

கோபாலுக்கு மிச்சப் பதில். 2023 ஜூன் 25, அவருடைய 75ஆவது பிறந்தநாள். அதே சைதாமா சூப்பர் அரீனா. டிக்கெட் மொத்தமும் விற்றது, சுமார் 19,000 பேர். டைகர்ஸ் பழைய நண்பர்களும் மேடைக்கு வந்தார்கள்.

எங்கள் கீழ்வீட்டுப் பாட்டியும் போயிருந்தார். நாலு நாள் முன்பிருந்தே தலைக்குச் சாயம், நகத்துக்குப் பூச்சு. 1974இல் ஒரு டிவி தொடரில் கிழவி வேடம் போட்ட கிகி கிரின், சுவரில் இருக்கும் இவர் படத்தைப் பார்த்து உடம்பை நெளித்து 'ஜூலீஈஈ' என்று கத்துவார். பாட்டி எனக்கு அதை நடித்துக் காட்டியிருக்கிறார், குப்பை போடும் இடத்தில், காலை ஏழு மணிக்கு. கையில் பிளாஸ்டிக் பாட்டில் மூட்டை. அப்போது சின்னப் பெண்ணாக இருந்து கிழவியைப் பார்த்துச் சிரித்தாராம், இப்போது அந்தக் கிழவி நான்தான் என்கிறார்.

கோபால்_87

19,000. சரி அக்கா, அரைத் தோல்வி ஒப்புக்கொள்கிறேன். 2018 தப்பு தப்புத்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அதே இடத்துக்குத் திரும்பி வந்து நிரப்பிக் காட்டியிருக்கிறார், அது பெரிய விஷயம்.

ஒன்று மட்டும் பாட்டியிடம் கேட்டுச் சொல்லுங்கள். இப்போதும் தொப்பியை வீசுகிறாரா?

சைதாமா_செல்வி

இன்று காலை கேட்டேன். பாட்டி ரொம்ப நேரம் சிரித்தார். "அந்த வயிற்றை வைத்துக்கொண்டு வீசினால் யார் குனிந்து எடுப்பது?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, வெண்தாடியோடு இப்போது இருக்கும் முகம்தான் தனக்குப் பிடிக்கும் என்றும், வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதே என்றும் சொன்னார்.

பழையகேசட்

நான் இன்று ராத்திரி அணுகுண்டுப் படம். செல்வி, பாட்டிக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.